கிருஷ்ணாயில் வராத மழைக்காலம்

கல்யாணமாகி மூன்றாவது மாதம் எனக்கு ஜவ்வாது மலையில் நர்ஸ் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி. என் கணவர் ஆலங்காயத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தார். நான் தனியாக மலையேற வேண்டாம் என்று அவரும் மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டார். கேட்ட வாரமே கொடுத்துவிட்டார்கள். மலைக்குப் போகிறேன் என்று தானாகக் கேட்கிற ஆளை அந்த ஆபீசில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லையாம்.

எங்களுக்குக் கிடைத்த வீடு ஓட்டு வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. பக்கத்திலேயே ஒற்றை அறையில் துணை சுகாதார நிலையம். சமையல்கட்டில் முன்பு இருந்தவர்கள் போட்டுவைத்த மண் அடுப்பு ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு நான் தண்ணீர்க் குடம் வைத்தேன். விறகு அடுப்பில் சமைக்கிற எண்ணமே எனக்கு இல்லை. என் அப்பா சீதனமாகக் கொடுத்த பித்தளை பம்ப் ஸ்டவ் இருந்தது. சந்தவாசல் பக்கத்தில் எங்கள் தெருவிலேயே அப்படி ஒன்றை முதலில் வாங்கியது எங்கள் வீடுதான். மகளுக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்று வேலூர் போய் வாங்கி வந்தார்.

அந்த ஸ்டவ்வை நான் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி வைத்திருந்தேன். கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, சூடேறியதும் பம்ப் அடித்தால் உஸ்ஸென்று நீலமாக எரியும். சில நாள் பர்னர் துளை அடைத்துக்கொள்ளும். பின்னை வைத்துக் குத்த வேண்டும். வாஷர் காய்ந்துபோனால் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் நான் அவசரமாகக் கிளம்புகிற அன்றுதான் பண்ணும். ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். குளிர் காலையில் அந்த உஸ் கேட்டாலே காபி வரப்போகிறது என்று நாக்குக்குத் தெரிந்துவிடும்.

மலை வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் நான் புகையைப் பற்றிப் பேசுவேன். புகை கண்ணுக்குக் கெடுதல், மாசமாக இருக்கிறவர்களுக்கு ஆகாது, கூரையில் ஒரு வழி விடுங்கள் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிப்பேன். பெண்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்கு நாற்பது அடி தள்ளி இருந்த வீட்டுக்காரி மட்டும் தலையாட்ட மாட்டாள். என் வயதுதான் அவளுக்கும். சாமை, கேழ்வரகு விதைக்கிற குடும்பம். நாலு புளியமரம் சொந்தமாக இருந்தது. அப்போது அவள் முதல் பிள்ளையை உண்டாகியிருந்தாள். துணை நிலையத்துக்கு வந்து ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்கொள் என்று நான் நாலைந்து முறை கூப்பிட்டும் வரவில்லை. என் ஊசிப் பெட்டியைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. ஆலங்காயத்திலிருந்து ஏறி வரும் பாதையில் ஒரு வளைவு சரிந்துபோய் பஸ் நின்றது. ரேஷனுக்குக் கிருஷ்ணாயில் பீப்பாய் ஏற்றி வருகிற லாரியும் நின்றது. மண்ணெண்ணெய் என்று எழுதுவோமே தவிர, எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, கிருஷ்ணாயில்தான். கீழேயும் தட்டுப்பாடுதான் என்றார்கள். கியூவில் காலையில் நின்றால் மத்தியானம் இல்லையென்று சொல்லி அனுப்புகிறார்களாம். என்னிடம் அரை பாட்டில் மிச்சம் இருந்தது. அதில்தான் சமையல், அதில்தான் அரிக்கேன் விளக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், ஊசி கொதிக்கவைக்க வேண்டும். அப்போது ஊசியெல்லாம் கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை என் கணவர், நான் போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். பஸ் இல்லாததால் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். ஆலங்காயத்தில் அவருடைய அம்மா வீடு இருந்தது. இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். தலையில் ஒரு கோணிப்பை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. மழையில் நனைந்தது என்று நினைத்தேன். அருகில் வந்ததும்தான் வாடை அடித்தது.

நடந்தது இதுதான். ரேஷனில் கிடைக்காமல், ஒரு கடைக்காரரிடம் இரண்டு மடங்கு விலை கொடுத்து ஐந்து லிட்டர் வாங்கியிருக்கிறார். தகர டின்னுக்கு மூடி இல்லை. காகிதத்தைச் சுருட்டி அடைத்திருக்கிறார். கையில் தூக்கி ஏற முடியாது என்று, அரிசி இருந்த கோணிக்குள்ளேயே டின்னையும் நிற்கவைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டார். வழுக்கு மண்ணில் இரண்டு இடத்தில் விழுந்திருக்கிறார். காகிதம் எந்த இடத்தில் பிடுங்கிக்கொண்டதோ தெரியாது. நான் கோணியைப் பிரித்தபோது டின்னில் பாதிக்கும் குறைவாக இருந்தது. மீதியெல்லாம் அரிசி குடித்துவிட்டிருந்தது. என் மாமியார் ஆசையாகக் கொடுத்தனுப்பிய முறுக்கும் குடித்திருந்தது. அவர் வாங்கி வந்த துவரம்பருப்பும் தப்பவில்லை. மூடி இறுகியிருந்த காபிப்பொடி டப்பாவும், ரப்பர் தாளில் சுற்றியிருந்த கருவாடும் மட்டும் பிழைத்தன.

நான் கத்தினேன். காகிதத்தால் டின்னை அடைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், நீங்கள் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலும் சிராய்த்து ரத்தம் கட்டியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஊரிலுள்ள எல்லார் காயத்துக்கும் மருந்து போடுகிறவள் அன்று அதைக் கடைசியாகத்தான் பார்த்தேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அரிசியை ஏழு தண்ணீரில் கழுவினேன். வெந்நீர் ஊற்றினேன். வடித்துப் பார்த்தேன். ஒரு வாய் வைத்ததும் இருவரும் வெளியே ஓடினோம். இருந்த எண்ணெயை ஊசிக்கும் விளக்குக்கும் மட்டும் என்று ஒதுக்கிவைத்தோம். ஆக, மறுநாள் காலை குடத்தை இறக்கி, பலகையை எடுத்துவிட்டு, நான் மண் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

விறகு ஈரம். தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. பழைய பேப்பர், தென்னை ஓலை என்று கண்டதையெல்லாம் திணித்து ஒருவழியாகப் பற்றவைத்தால், தீ வரவில்லை. புகைதான் வந்தது. சமையல்கட்டு நிரம்பி, முன்னறை நிரம்பி, ஓட்டு இடுக்கு வழியாகவெல்லாம் வெளியேறியது. என் கணவர் இருமிக்கொண்டே கதவைத் திறந்தார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு குடம் தண்ணீரோடு நின்றிருந்தாள். எட்டு மாத வயிற்றோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள்.

"இன்னா நர்ஸம்மா, வூடு பத்திக்கிச்சா?" என்றாள்.

அடுப்பு பற்றவைக்கிறேன் என்றேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் ஒழுக நான் நின்ற கோலம் எப்படி இருந்ததோ, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"பொகை கண்ணுக்கு ஆவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அதில் குத்தல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே அடக்க முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அந்த ஊருக்கு வந்து ஒன்பது மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். பிறகு அவள் வீட்டுக்குப் போய் ஒரு ஓட்டுச்சில்லில் நெருப்புக் கங்கும், முந்தானையில் நாலு காய்ந்த புளியங்குச்சியும் கொண்டுவந்தாள். எங்கள் விறகைத் தொட்டுப் பார்த்து, இது எரியாது, பரண் மேலே போட்டு வையுங்கள் என்றாள். கிருஷ்ணாயில் அரிசியைப் பற்றிச் சொன்னேன். கோழிக்குக்கூடப் போடாதீங்க என்று சொல்லி, ஒரு முறம் சாமை கொடுத்தாள். அந்த வாரம் அவளாகவே துணை நிலையத்துக்கு வந்து, பரிசோதனை மேசையில் ஏறிப் படுத்தாள்.

நெருப்பு வந்தது. சமையல் வரவில்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் நான் கிளம்பினால்தான் மற்ற ஊர்களுக்கு நடந்துபோய்ச் சாயங்காலத்துக்குள் திரும்ப முடியும். ஐந்து மணிக்கு எழுந்து அடுப்போடு மல்லாடி, தலையில் சாம்பலோடு, சில நாள் சாப்பிடாமலே ஓடுவேன். ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் காலை என் கணவர் என் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கிக்கொண்டார்.

"நீ கெளம்பு. எனக்குப் பத்து மணிக்குத்தானே ஸ்கூலு. நான் பாத்துக்கறேன்."

எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. என் வீட்டில் அப்பாவோ அண்ணனோ அடுப்பங்கரைப் பக்கம் வந்ததில்லை. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றேன். மலையில் நமக்கு யார் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டார். நேரமாகிவிட்டது. நான் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டியில் கூழாகவும் இல்லாமல் சோறாகவும் இல்லாமல் ஒன்று இருந்தது. சாமை பச்சரிசி மாதிரி இல்லை. கல் அரித்து எடுக்க வேண்டும், கொதித்த தண்ணீரில் போட்டதும் சீக்கிரம் வெந்துவிடும், ஒரு நிமிஷம் அசந்தால் குழைந்துவிடும். மறுநாள் தண்ணீரைக் குறைத்தார், அடிப்பிடித்தது. கணக்கு வாத்தியார் அல்லவா, அதை அப்படியே விடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டு சாக்பீஸ் கொண்டுவந்து, புகை படிந்த சுவரில் எழுத ஆரம்பித்தார். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் என்று எழுதி எதிரில் 'விறைப்பு' என்று குறித்திருப்பார். இரண்டேமுக்கால் என்று எழுதி 'கஞ்சி'. கீழே, 'புளிய விறகு என்றால் முன்னதாக இறக்கவும்'. பத்து நாளில் சுவரில் கால்வாசி நிறைந்துவிட்டது. பதினோராம் நாள் ஒரு வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அன்று சட்டியைத் திறந்தால் சோறு பூவாக உதிர்ந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மார்கழி பிறக்கும் முன்பே பச்சை மொச்சை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி கொல்லையிலிருந்து பறித்துத் தருவாள். அதை உரித்து, பிதுக்கி, பழைய புளியைக் கரைத்துவிட்டு, பூண்டை நசுக்கிப் போட்டு ஒரு குழம்பு வைப்பார். தேங்காய் கிடையாது. எண்ணெய் பேருக்குத்தான். அடுப்பில் கங்கு மட்டும் இருக்கிறபோது மண்சட்டியை அதன் மேல் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவார். நான் மத்தியானமோ சாயங்காலமோ வந்து திறக்கும்போது குழம்பு சுண்டி, மொச்சை வாயில் வைத்தால் கரையும். எட்டு மைல் நடந்துவிட்டு வந்து, ஈரப் புடவையைக்கூட மாற்றாமல், அடுப்பங்கரையிலேயே குந்தி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டு ரசம் வைப்பார். அந்தக் குளிருக்கு அதை டம்ளரில் ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தால் காது வரைக்கும் சூடு ஏறும். சாயங்காலத்தில் மண்ணில் புதைத்துவைத்திருந்த பலாக்கொட்டையைக் கங்கில் சுட்டுத் தருவார். தோல் வெடிக்கிற சத்தத்துக்காகவே நான் இன்னும் நாலு போடுங்கள் என்பேன்.

சங்கடமும் இல்லாமல் இல்லை. விறகுக்காக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். விழுந்த சுள்ளிதான் பொறுக்கலாம், காட்டிலாகா ஆள் பார்த்தால் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். என் வெள்ளைப் புடவையெல்லாம் பழுப்பானது. அவருடைய வேட்டியில் பொறி பட்டு ஓட்டை விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சார் மேலே மொச்சைக்குழம்பு வாசனை வருகிறது என்று பேசிக்கொண்டார்களாம். முதலில் மலைப் பெண்கள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு ஆலங்காயம் வருவதாக மாமியாருக்குச் சொல்லியிருந்தோம். டிசம்பர் நடுவில் பாதையைச் சரிபண்ணி பஸ் விட்டுவிட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்கு நாள் நெருங்கிவிட்டது. அவள் என்னை நம்பி வந்த முதல் ஆள். அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்த வருஷம் வர முடியாது என்று ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டேன். அதில் சமையலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையிலேயே அவளுக்கு வலி கண்டது. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். ஊரில் பிரசவம் பார்க்கிற அம்மாவும் வந்திருந்தார். பதினோரு மணி இருக்கும், தண்ணீர் கொண்டுவந்த ஒரு பெண் என்னிடம், "சாரோட அம்மா பஸ்ல வந்துகீறாங்க" என்றாள். அப்போது பள்ளிக்கூடம் விடுமுறை. அந்த நேரத்தில் என் கணவர் எங்கே, எந்தக் கோலத்தில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளையின் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. நான் எங்கே எழுந்து போவது?

ஒரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். எல்லாம் சுத்தம் பண்ணி, கை கழுவிவிட்டு வெளியே வர இரண்டரை ஆகிவிட்டது. எங்கள் வீடு நாற்பது அடி தூரம்தான். அதை நான் எத்தனை நேரம் நடந்தேனோ.

என் மாமியார் வாய்க்காரி என்று பேர் வாங்கியவர். மாமனார் உயிரோடு இருந்தவரை, அவர் குளித்துவிட்டு வரும்போது தட்டில் சோறு ஆவி பறக்க வேண்டும். இரண்டு மகன்களும் தண்ணீர்கூட மொண்டு குடித்ததில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பின்னால் என் கணவர் சொல்லித்தான் தெரியும், அம்மா உள்ளே நுழைந்தபோது இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாராம். சாமை கொதிக்கிற நேரம். எழுந்தால் குழைந்துவிடும். "உக்காரும்மா, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாராம். அவள் எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறார். பிரசவம் பார்க்கப் போயிருக்கிறாள் என்றிருக்கிறார் இவர். அதற்கப்புறம் அம்மா சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருக்குப் படிக்கத் தெரியாது.

நான் உள்ளே போனபோது மாமியார் அடுப்பங்கரையில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலித் தட்டு. என் கணவர் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நான், அத்தை, மன்னிச்சிடுங்க, என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"கொழந்தை நல்லா பொறந்துச்சா?"

நல்லா பொறந்தது, பெண் குழந்தை என்றேன்.

"நீ சாப்ட்டியா? இல்லேல்ல. உக்காரு. அவன் போடுவான்."

நான் உட்கார்ந்தேன். அவர் போட்டார். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கங்கில் வாட்டிய கருவாடு. இனி என்ன வரப்போகிறதோ என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குப் பதினாலு வயசுல கல்யாணம். அன்னிலேர்ந்து இன்னி வரிக்கும் ஒருத்தர் ஆக்கிப் போட்டு நான் உக்காந்து துன்னதில்ல. இன்னிக்குத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. இன்றைக்கு மழை இல்லை என்பது போலச் சொன்னார். என் கணவர் சட்டியைத் துடைப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அதன் பிறகு மாமியார், "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். அவர் இயல்புக்கு வந்துவிட்டார் என்று எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலை அவரே எழுந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டார். பழக்கம் விடுமா. ஆனால் சாமை அவர் கைக்கு அடங்கவில்லை. அரிசி வடிக்கிற மாதிரி தண்ணீர் வைத்து, களியாகிவிட்டது. மகன் சுவரைக் காட்டி, அம்மா, நீ வைத்தது இந்த வரி, என்று 'கஞ்சி' என்று எழுதியிருந்ததைத் தொட்டுக் காட்டினார். மாமியார் அகப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் இருந்த எட்டு நாளும் வேளாவேளைக்கு, சாப்பாடு ஆச்சா என்று அங்கிருந்தே கேட்பார். கேட்கிறபோது குரலில் ஒரு மிடுக்கு இருக்கும்.

அவர் வெறும் கையோடு வந்திருக்கவில்லை. பச்சரிசி மாவு, வெல்லம் எல்லாவற்றுக்கும் நடுவே, கண்டக்டர் கண்ணில் படாமல், டானிக் பாட்டில் ஒன்றில் கிருஷ்ணாயிலும் கொண்டுவந்திருந்தார். ரப்பர் மூடி போட்டு, மேலே மெழுகு ஊற்றி, துணி சுற்றி. ஒரு சொட்டு சிந்தவில்லை. என் கணவர் அந்தப் பாட்டிலை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பண்டிகைக்கு முந்தின நாள் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து அதிரசம் சுட்டோம். மலையில் அன்று பூசை கிடையாது. பண்டிகைக் காலையில் மூவரும் முன்னறையில் முழங்காலிட்டு ஜெபம் சொன்னோம். பிறகு ஒரு தட்டு அதிரசத்தோடு குழந்தையைப் பார்க்கப் போனோம். மாமியார் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, மலைச் சளி பிடிக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு நீளமாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

பொங்கலுக்குள் ரேஷன் லாரி வந்துவிட்டது. ஸ்டவ் மறுபடியும் உஸ்ஸென்றது. காலைக் காபிக்கும் ஊசிக்கும் அதைப் பற்றவைத்தோம். சோறும் குழம்பும் மண் அடுப்பிலேயே நின்றுவிட்டன. அதைப் பற்றி நாங்கள் பேசி முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை.

மாமியார் ஊருக்குப் போகும்போது நாலு படி சாமை கட்டிக்கொண்டு போனார். போய் என்ன சொன்னார் என்பது, ஈஸ்டருக்கு நாங்கள் கீழே இறங்கியபோதுதான் தெரிந்தது. கோயில் விட்டு வெளியே வந்ததும் நாலைந்து பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மலையில் நீ மொச்சைக் குழம்பு வைக்கிறாயாமே, சாமைச் சோறு பூவாட்டம் ஆக்குகிறாயாமே, உன் மாமியார் வாய் ஓயாமல் சொல்கிறாள், எப்படிச் செய்கிறாய் என்று கேட்டார்கள். நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே என்னை அடக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் தனியாக, ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். "ஊருக்கு அது போதும்" என்றார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

ஆனால் வம்பு அதோடு தீரவில்லை. மத்தியானம் என் கணவரின் பெரியம்மா, மலை மருமகள் கைப்பக்குவத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூடவே சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர். காய்ந்த மொச்சை வீட்டில் ஊறவைத்திருந்தது. சாமையும் இருந்தது. நான் வெலவெலத்துப் போனேன். மாமியார் மட்டும் கலங்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் கை ஓடாது, யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லி என்னை அடுப்பங்கரைக்குள் தள்ளி, தானும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பிறகு கொல்லைக் கதவைத் திறந்து, கிணற்றடியில் நின்றுகொண்டிருந்த மகனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வந்தார். நான் மொச்சையைப் பிதுக்கினேன். அவர் புளி கரைத்தார். மாமியார் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, அவ்வப்போது கூடத்துக்குக் கேட்கிற மாதிரி, "ஏம்மா, உப்பு பாத்துப் போடு" என்று உரக்கச் சொன்னார். நான், "சரிங்க அத்தை" என்றேன். என் கணவருக்குச் சிரிப்பு தாங்காமல் தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, வாசனையே தூக்குதே, என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.